அம்பூரி அயினியும் அரை பிளேடும்

எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் போவது சுவரில் மாட்டியிருக்கும் படங்களின் மூலைக்குத்தான். படத்தில் இருப்பது யேசுவா, முருகனா, அந்த வீட்டு மூத்த காரணவரா என்பதெல்லாம் அப்புறம். சட்டத்தின் இரண்டு கம்புகள் சந்திக்கிற அந்தச் சாய்ந்த கோட்டில் கறுப்பாக ஒரு கீற்று தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். தெரிந்துவிட்டால் கொடுத்த காப்பி ஆறிப்போகும். சட்டம் நான் செய்ததாக இருக்க வேண்டும் என்றில்லை. யார் செய்திருந்தாலும் கடைசியில் என்னைத்தான் கேட்பார்கள் என்று ஒரு பயம்.

பயம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஐந்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என் பக்கம் திரும்பினாலே பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிடுவேன். ஒரு நாள் அப்படிக் குனிந்தவன் வீட்டுக்கு ஓடி வந்து, திரும்பிப் பள்ளிக்கூடம் போகவில்லை. மிஷன் கோவில் பெஞ்சுகளைப் பழுது பார்த்த தச்சர்களோடு சேர்ந்து தொழில் கற்றேன். பரம்பரை ஆசாரி இல்லை என்பதால் ஒவ்வொரு வேலையையும் முடித்த பிறகு, பரம்பரை ஆசாரி யாராவது வந்து பார்த்துச் சிரித்துவிடுவாரோ என்று வேறு பயந்தேன். பயந்தவன் வேலை சுத்தமாக இருக்கும் என்று கொல்லயில் என்கிற எங்கள் பஞ்சாயத்து முழுக்க எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் என்னை உதியன்குளங்கரை வாசகசாலையில் கொண்டுபோய் மாட்டியது.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்த காலம் அது. தெற்கே ஆட்கள் அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள், உயிரையும் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்த அளவுக்கு இல்லை. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழ் ராஜ்யத்தில் சேர வேண்டும் என்று ஒரு கமிட்டி, சேரக் கூடாது என்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கமிட்டி. இரண்டு கமிட்டிக்கும் ஒரே கடையிலிருந்துதான் சாயா போகும். காலையில் தமிழில் முழங்கிவிட்டு மத்தியானம் மலையாளத்தில் மீன் விலை பேசுகிற ஊர். யார் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால், எல்லாரும் எல்லாரையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்னைச் சற்று அதிகமாகவே உற்றுப் பார்த்தார்கள். காரணம் என் மனைவி. நெய்யாற்றின்கரை டவுனுக்கு அருகே மலையாளம் பேசுகிற வீட்டில் பிறந்தவள். அவளுடைய அண்ணன், என் அளியன், அவனும் தச்சன். போதாததற்கு எதிர்க் கமிட்டிக்குக் கொடிக்கம்பு சீவிக் கொடுத்தவன். அதனால் தமிழ்க் கமிட்டி கூப்பிட்டனுப்பியபோது நான் பாதிப் பெருமையோடும் மீதி நடுக்கத்தோடும் போனேன். இந்த வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டால் 'இவன் நம்ம ஆள்' என்று எல்லார் வாயாலும் வந்துவிடும். பிறகு என் ஓட்டுக் கூரையில் எந்தத் தேங்காய் விழுந்தாலும் அது தென்னையிலிருந்துதான் விழுந்தது என்று நம்பித் தூங்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேலை இதுதான்: துணியில் வரைந்த பெரிய பூபடம், அதாவது நில வரைபடம், ஒன்று. தமிழ் ராஜ்யத்தில் சேர வேண்டிய தாலுகாக்கள் எல்லாம் அதில் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தன. எல்லை விசாரிக்க வருகிற டெல்லிக்காரர்கள் எங்கள் ஜங்ஷன் வழியாகப் போவார்கள், அப்போது அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு சட்டம்.

கமிட்டிச் செயலாளர் பழைய தாலுகா ஆபீஸ் குமஸ்தா. நெற்றியில் பட்டையாக விபூதி, சட்டைப் பையில் காகித உறைக்குள் முகம் மழிக்கிற அரை பிளேடு. பென்சில் சீவ, நகம் வெட்ட, கவர் பிரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

"மேஸ்திரி, சட்டம் எண்ணா வெறும் சட்டம் இல்ல, ஆவேசம் வேணும்" என்றார்.

"நல்ல தேக்கு ஒண்ணு ஆறப்போட்டது கையில உண்டு" என்றேன்.

"ஒரு தாலுகா மரம் போதாது ஓய். எல்லா தாலுகாவுக்க மரமும் அதில நிக்கணும். அதாக்கும் ஒற்றுமை."

கமிட்டியில் ஒருவர் விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, "சட்டத்துக்குப் பக்கம் நாலுதானே உண்டு? நாம கேட்ட தாலுகா அதுக்கும் மேல வருதே" என்றார்.

"மேஸ்திரி நினைச்சா பக்கத்தக் கூட்ட முடியாதா?" என்று இன்னொருவர் என்னைப் பார்த்தார்.

சாயா ஆறுகிற வரைக்கும் விவாதம் நடந்தது. முடிவில் இப்படி ஆயிற்று. நாங்கள் வடக்கே இருப்பதால் மேல்கம்பு எங்கள் தாலுகாவுக்கு: அம்பூரி மலை அயினி, அதாவது காட்டுப் பலா. மேற்குப் பக்கம் விளவங்கோட்டுப் பலா. கிழக்கே கல்குளம் தேக்கு. கீழே அகஸ்தீஸ்வரம் பனை. தோவாளைக்கு முதுகுப் பலகை. செங்கோட்டை தூரம் என்பதால், சட்டத்தை மாட்டுகிற முளை மட்டும் செங்கோட்டை மரம். இன்னும் தூரத்தில் கிடந்த மலைத் தாலுகாக்களுக்கு என்ன செய்வது என்று யோசித்து, மேலே பூசுகிற மெழுகை அவர்கள் பேரில் எழுதிக்கொண்டார்கள்.

தச்சு தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சட்டத்தின் மூலையில் இரண்டு கம்புகளின் முனையையும் சரிபாதிச் சாய்வாக அறுத்து முகத்தோடு முகம் சேர்ப்போம். சேர்ந்தால் ஒரு முடி நுழையாது. ஆனால் மரம் அறுத்த பிறகும் சும்மா இருக்காது. காய்ந்தால் அகலம் சுருங்கும். மூலையின் உட்பக்கம் வாயைத் திறக்கும். ஈரம் குடித்தால் அகலம் பெருகும். அப்போது வெளிப்பக்கம் திறக்கும். இரண்டு கம்பும் ஒரே மரம், ஒரே அளவு காய்ந்தது என்றால் கூடிச் சுருங்கிக் கூடிப் பெருகும், சமாளிக்கலாம். அயினியும் பலாவும் சித்தப்பன் மகன் பெரியப்பன் மகன் மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சாயல், சேர்த்து வைத்தால் ஆளுக்கொரு புத்தி. அதிலும் அம்பூரி அயினி, கமிட்டியின் ஆவேசத்தில் அந்த வாரம்தான் வெட்டி இறக்கியது. இழைப்புளி ஓட்டினால் சுருளுக்குப் பதிலாகச் சாறு வந்தது.

இதையெல்லாம் நான் கமிட்டியில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எழுந்தேன். செயலாளர் "என்ன மேஸ்திரி, நம்ம தாலுகா மரத்தில குத்தம் உண்டா?" என்று கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கணக்கு வாத்தியார் திரும்பியது போலவே இருந்தது. "நல்ல மரமாக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கும்ப மாதத்தில், அதாவது மாசியில், சட்டம் முடிந்தது. பனையை மட்டும் சாய்வாக அறுக்க நான் பட்ட பாடு தனி. நார் நாராகப் பிய்ந்து, மூலை பல் துலக்கின வேப்பங்குச்சி மாதிரி இருந்தது. வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றி, சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஆப்பு இறுக்கி ஒரு வழியாக அடக்கினேன். மாட்டின அன்று கமிட்டி முழுக்க வந்து தடவிப் பார்த்தது. செயலாளர் அரை பிளேடை உறையிலிருந்து எடுத்து ஒவ்வொரு மூலையிலும் வைத்து அழுத்தினார். எங்கும் நுழையவில்லை. "முறுக்கம் உண்டு" என்றார். இறுக்கமாக இருக்கிறது என்ற அந்த வார்த்தையைக் கேட்டு நான் வீட்டுக்கு நடந்து வந்ததாக நினைவில்லை, மிதந்து வந்திருக்க வேண்டும்.

மீன மாதத்துப் பங்குனி வெயில் எந்தக் கமிட்டிக்கும் கட்டுப்பட்டதில்லை. அயினி காய்ந்தது. முதலில் மேற்கு மேல்மூலையின் உட்பக்கம் நூல் மாதிரி ஒரு கோடு. நான் தினமும் பேப்பர் வாசிக்கிற சாக்கில் வாசகசாலைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன். வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான் என்பதால், எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் சந்தேகப்படவில்லை. கோடு கீற்று ஆயிற்று. ஒரு நாள் செயலாளரின் அரை பிளேடு அதற்குள் முழுதாகப் போய் நின்றது. கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றது.

பூபடத்தில் அந்த மூலைக்கு நேரே எங்கள் தாலுகா. மேல்கம்பு எங்களுடையது, பக்கக்கம்பு விளவங்கோட்டினுடையது. பிளேடு நின்றது இரண்டுக்கும் நடுவே.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்திருக்கும். ஒருவர் மெதுவாக, "பிலாவு அங்கேயே நிக்குது. நம்ம கம்புதான் விலகுது" என்றார். இன்னொருவர், "மேஸ்திரிக்க அளியன் சொகமா இருக்கானா?" என்று என்னைக் கேட்டார். கேள்வி அளியனைப் பற்றியது இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

மரத்தூளையும் மெழுகையும் குழைத்துக் கீற்றில் அடைத்தேன். திறந்த மூலையில் அடைப்பு வைப்பது பொய் சொல்வது மாதிரி. அடுத்த கேள்வி வருகிற வரைக்கும்தான் தாங்கும். அடுத்த கேள்வி, வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையாக வந்தது. அயினி ஈரத்தைக் குடித்துப் பெருத்தது. உட்பக்கம் மூடப் பார்த்தது, என் அடைப்பு வழி விடவில்லை. அதனால் வெளிப்பக்கம் திறந்தது. பிதுங்கின மெழுகு பூபடத்தின் மேல் வடிந்து, சிவப்புக் கோட்டின் மீது ஓரிடத்தில் குந்தியது.

டெல்லிக்காரர்கள் வந்ததும் அந்த மழையில்தான். கமிட்டி ஜங்ஷனில் நின்று சட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கியது. எதிர்ப்பக்கத்தில் அளியனின் கமிட்டி வெறும் கொடிக்கம்புகளோடு நின்றது. கம்பில் மூலை கிடையாது, கொடுத்துவைத்தவன். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள். எங்கள் மீதும் அவர்கள் மீதும் ஒரே அளவு சேறு தெளித்துவிட்டுக் கார் போயிற்று.

"கண்டானுவளா?" என்று ஒருவர் கேட்டார்.

"கண்டானுவ. நேரா அந்த மூலையத்தான் கண்டானுவ" என்றார் செயலாளர். சொல்லிவிட்டு நனைந்த துண்டைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தார். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அவர் பேசாததால் ஊரிலும் பாதிப் பேர் பேசவில்லை. சட்டத்தை ஒருவர் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கூரையில் எது விழுந்தாலும் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

என் மனைவி சில நாள் பொறுத்தாள். பிறகு, "ஒரு மூலை திறந்ததுக்கு இப்படி ஒரு சங்கடமா? எனக்க அண்ணன வரச் சொல்லுதேன்" என்றாள்.

"அவன் கை பட்டா அவிய சொன்னது உண்மையாப் போவும்."

"கை படாமலே உண்மையாத்தானே போச்சு. பின்ன என்ன?"

மறுநாளே ஆள் அனுப்பினோம்.

அளியன் பட்டப்பகலில், குடை பிடித்து, ஊர் பார்க்க வந்தான். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பனை மூலையைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அளியா, இது ஆரு சொல்லிச் செய்தது?"

"கமிட்டி."

"எங்க கமிட்டியில மண்டனுக உண்டு, சம்மதிச்சேன். பனைய இப்படி வெட்டச் சொல்லுத அளவுக்கு இல்ல கேட்டியா."

"உங்களுக்க கொடிக்கம்பு கோணலாக்கும்" என்றேன். வந்தவனிடம் அதையாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது.

"கோணலுதான். ஆனா பிளேடு போவாதே."

நான் மூலையை இன்னும் சீவினால் போதும் என்று நினைத்திருந்தேன். அவன் தலையை ஆட்டினான். முதலில் அயினியை அடுக்களையில் அடுப்புக்கு மேலே பரணில் போடச் சொன்னான். மழை விட்டு, புகையில் மரம் கறுத்து, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி முடிகிற வரைக்கும் தொடக் கூடாது என்றான். அப்புறம் முகத்தைப் புதிதாக அறுத்துச் சேர்த்தோம். ஒரு மூலையை அறுத்தால் மற்ற மூலைகளையும் அதே அளவு அறுக்க வேண்டும், இல்லையென்றால் சதுரம் கெடும். அறுக்க அறுக்கச் சட்டம் சிறுக்கும். பூபடத்தில் எதை மறைப்பது என்று நான் விழித்தேன்.

"கொஞ்சம் கடல் போவட்டும். கரையத் தொடாண்டாம்" என்றான் அளியன்.

பிறகுதான் விஷயம். மேற்கு மேல்மூலையில் பசை காய்ந்ததும், அதன் வெளிமுனையில் இரண்டு கம்புக்கும் குறுக்கே அறுப்பு வாளால் ஒரு பொழி, மெல்லிய பள்ளம், இறக்கினான். அதற்குள் செருக, நன்றாகக் காய்ந்த மரத்தில் சீவின மெல்லிய சில்லு வேண்டும். சுற்றிப் பார்த்தான். தன் உளியின் உடைந்த பழைய பிடியை எடுத்துச் சீவினான். பசை தடவிச் செருகித் தட்டினான். "காய்ஞ்ச சில்லு. மழைக்கு ஈரம் குடிக்கும், பருக்கும், ரெண்டையும் விடாது. இனி இதைத் திறக்கணும் எண்ணா மரத்த உடைக்கணும்" என்றான்.

"இது எந்த தாலுகா மரம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயில் கமிட்டி புகுந்திருப்பது எனக்கே தெரிந்தது.

"எனக்க அப்பன் கைக்க மரம். அவரு எங்க வாங்கினாரோ" என்றான்.

அடுத்த மழை வந்தது, போயிற்று. மூலை திறக்கவில்லை. நான் ஈர்க்குச்சியை வைத்துப் பார்த்தேன், பீடி இலையை வைத்துப் பார்த்தேன். வாசகசாலையில் கொண்டுபோய் மாட்டினேன். யாரும் பார்க்கவில்லை. அதற்குள் முடிவு பேப்பரில் வந்துவிட்டிருந்தது. விளவங்கோடும் அதற்குத் தெற்கேயுள்ள தாலுகாக்களும் தமிழ் ராஜ்யத்துக்கு. நாங்கள் இங்கேயே, மலையாளப் பக்கத்தில். கோடு களியிக்காவிளைப் பக்கம் விழுந்தது.

ஐப்பசியாகிய துலாம் மாதத்தில், கோடு நடைமுறைக்கு வந்த சமயம், விளவங்கோட்டுக் கமிட்டிக்காரர்கள் சிலர் வாடகைக் கார் பிடித்து வந்தார்கள். பூபடத்தைச் சட்டத்தோடு கொண்டுபோய்த் தங்கள் ஆபீசில் மாட்ட ஆசை. செயலாளர் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"உங்களுக்க மரமெல்லாம் நீங்க கொண்டு போங்க. எங்க அம்பூரிக் கம்பு எங்ககிட்ட நிக்கட்டும். எங்களுக்கு அதாவது மிச்சம் வேணுமே."

கழற்ற என்னைக் கூப்பிட்டார்கள். கிழக்கு மேல்மூலை இரண்டு தட்டில் விட்டது. மேற்கு மூலையில் தட்டினேன். அசையவில்லை. கட்டையை அணை வைத்துத் தட்டினேன். துலாமழை ஈரத்தில் அளியனின் சில்லு உள்ளே பருத்துக் கிடந்தது. அயினியும் பலாவும், ஒரு வெயிலும் ஒரு மழையும் முழுக்க ஊர் கூடி ஒட்டச் சொன்னபோது ஒட்டாதவை, இப்போது விடமாட்டேன் என்றன. எனக்கு வேர்த்துக் கொட்டியது. வெளியே கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

"அண்ணைக்குத் திறந்து காட்டினாரு. இண்ணைக்குத் திறக்க மாட்டேங்காரு" என்றார் கமிட்டியில் ஒருவர்.

"ஒட்டணும் எண்ணும்போ விலக்கி வச்சாரு. விலக்கணும் எண்ணும்போ ஒட்டி வச்சிருக்காரு. ஆரு சொல்லிச் செய்யுதாரோ" என்றார் இன்னொருவர்.

"வாளெடுத்து அறுத்துத் தரட்டா?" என்று கேட்டேன். வந்தவர்களும் செயலாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவேசமாகச் சேர்த்த மரத்தை வாளால் அறுத்தார்கள் என்று ஊர் பேசினால் யார் கேட்பது? கடைசியில் செயலாளர் தன் அரை பிளேடை எடுத்தார். பூபடத் துணியை ஓரத்தோடு நாலு பக்கமும் கிழித்தார். விளவங்கோட்டுக்காரர்கள் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்கள். சட்டம் காலியாக எங்களிடம் நின்றது. விட்ட கிழக்கு மூலையைத் திரும்பச் சேர்த்துத் தரச் சொல்லிக்கூட யாரும் கேட்கவில்லை. நானே சேர்த்தேன், அதே போல ஒரு சில்லு வைத்து.

புது ராஜ்யம் வந்ததும் வாசகசாலைக்குப் புதிய பூபடம் ஒன்று வந்தது, மலையாளத்தில் எழுதியது. மாட்டுவதற்கு எதிர்க் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். இப்போது எதிர்க் கமிட்டி என்று சொல்வது சரியில்லை, அதுதான் கமிட்டி. சட்டம் இருக்கிறதே என்று எடுத்தார்கள். சட்டம் அகலம். புதிய ராஜ்யமோ பாகற்காய் மாதிரி நீளம். அறுத்து ஒடுக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். நான் வாளைத் தொடாமல் நின்றதைப் பார்த்து, அவர்களோடு வந்திருந்த அளியனே சொன்னான்: "அறுக்காண்டாம். நட்டக்குத்தலா நிறுத்தினா போதும்."

நிறுத்தினோம். அம்பூரி அயினி பக்கவாட்டில் நின்றது. அகஸ்தீஸ்வரத்துப் பனை அதற்கு எதிரே நின்று முறைத்தது. விளவங்கோடு அடியில் போய்ப் பாரம் தாங்கியது. தோவாளைப் பலகை எல்லாவற்றுக்கும் முதுகு கொடுத்தது. செங்கோட்டை முளை மட்டும் பழைய வேலையைச் செய்தது. அந்தப் புதிய ராஜ்யத்தை அப்படித் தாங்கி நின்றது அத்தனையும் அதை வேண்டாம் என்ற மரங்கள். ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தெரிந்தால் அதற்கும் என்னைத்தான் கேட்பார்கள் என்று நானும் வாய் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து நான் வாசகசாலையில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது செயலாளர் வந்தார். என்னோடு பேசாத நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். சுவரருகே போய் நின்றார். புதிய பூபடத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. பையிலிருந்து உறையை எடுத்தார். அரை பிளேடை அந்த மூலையில் வைத்து அழுத்தினார். அது இப்போது அடியில் இருந்ததால் முழங்கால் மடக்கிக் குனிய வேண்டியிருந்தது. பிளேடு வளைந்தது, நுழையவில்லை. வெளிப்பக்கமும் பார்த்தார். சில்லின் முனையை விரலால் தடவினார். எனக்குக் கணக்கு வகுப்பு திரும்ப வந்துவிட்டது. பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"முறுக்கம் உண்டு" என்றார்.

பேப்பருக்குப் பின்னால் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டாமல், "பாத்துச் செய்ததாக்கும்" என்றேன்.

அவர் பிளேடை உறைக்குள் வைத்து, உறையைப் பைக்குள் வைத்து, என் முன்னால் வந்து நின்றார். கோபம் இல்லை, துக்கம் விசாரிக்க வந்தவர் முகம்.

"இத அண்ணைக்கே இப்படிச் செய்திருந்தா, நம்ம தாலுகா போயிருக்குமா மக்கா?"

பச்சை மரம் என்று சொல்ல வாயெடுத்தேன். கார் கண்ணாடி ஏறியிருந்ததே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் படியிறங்கிப் போய்விட்டார். மேஸ்திரி, ஓய் என்றே கூப்பிட்டவர் மக்கா என்று கூப்பிட்டிருக்கிறார், நான் நம்ம ஆள்தான் என்று தீர்ந்துவிட்டது, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"பின்ன தூங்க வேண்டியதுதானே" என்றாள்.

படுத்தேன். அந்தச் சில்லை முதலிலேயே வைத்திருந்தால் டெல்லிக்காரர்கள் ஒருவேளை கண்ணாடியை இறக்கியிருப்பார்களோ என்று யோசிக்க ஆரம்பித்தேன்.